ஸ்கொட்ச் அண்ணன், பேர்பன் தம்பி

என் தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகளின் கல்யாணத்தன்று காலையில் வீட்டுக் கதவிலிருந்து மணவறை வரைக்கும் பிள்ளைக்கு வலப்பக்கம் ஒரு மாமன், இடப்பக்கம் ஒரு மாமன். இரண்டு பேரும் வர வேண்டும். சிரித்த முகத்தோடு வர வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை.

“மூஞ்சைத் தூக்கி வச்சிட்டு வந்தாலும் பரவாயில்ல நடுவண்ணா. வந்தாப் போதும். சாமத்தியச் சடங்கில நடந்த மாதிரி ஒருத்தர் பாதியில கிறுகிப் போயிரப்படாது.”

நடுவண்ணன் நான்தான். எனக்கு மேலே பெரியண்ணன், கீழே தம்பி, எல்லோருக்கும் கடைசியில் இவள். பெரியண்ணன் கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிறார். தம்பி அமெரிக்காவில், கென்டக்கியில், கணக்காளன். நான் பெரியநீலாவணையில் இருக்கிறேன். இருக்கிறேன் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஓரிடத்தில் குந்தியிருக்க ஏலாத உடம்பு எனக்கு. விடிந்தால் கடற்கரை, வெயில் ஏறினால் கல்முனைச் சந்தை, பொழுதுபட்டால் மருதமுனையில் சிநேகிதன் வீட்டு வாசல். இவ்வளவும் கைக்கெட்டுகிற தூரத்துக்குள்தான். ஆனால் என் செருப்பைப் பார்த்தால் ஏழு கடல் தாண்டியவனின் செருப்பு மாதிரித் தேய்ந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன்மார். மூத்தவர் ஒரு பக்கம், இளையவர் மறுபக்கம். நடுவில் பிறந்தவனுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் போகிற வேலை. நடுவில் பிறந்தவனின் கையில் எப்போதும் யாராவது எதையாவது தந்துவிடுவார்கள்.

பிள்ளை பெரியவளானபோது வைத்த சாமத்தியச் சடங்கில் நடந்தது இதுதான். எந்த நாட்டுக் குளிர் பொல்லாதது என்று இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஸ்கொட்லாந்துக் குளிர் எலும்புக்குள் போகும் என்றார் பெரியண்ணன். அமெரிக்கக் குளிரில் எலும்பே மிஞ்சாது என்றான் தம்பி. கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற ஒரு மத்தியானம், சேட்டெல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்க, இரண்டு பேரும் பனிக்காகச் சண்டை பிடித்தார்கள். தம்பி சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் கதைப்பதென்றால் என்னூடாகத்தான். “அவனிட்டச் சொல்லு.” “அவரிட்டச் சொல்லிரு.” இரண்டு கண்டங்களுக்கு நடுவில் என் கைபேசி ஒரு உபதபால் கந்தோராக ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் கிழமை ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தவன் என் மருதமுனைச் சிநேகிதன். வேன் அவனுடையது, நாக்கும் அவனுடையது. பெரியண்ணனை இறக்கிவிட்டு என்னிடம் வந்தான்.

“மச்சான், உன்ட அண்ணன் வழி முழுக்க ஒரு பையை மடியில வச்சிட்டு வந்தாரு, பச்சப்புள்ளையை வச்சிருக்கிற மாதிரி. பள்ளத்தில விடாத, மெதுவாப் போ, குலுங்குது, எண்டு ஒரே கரைச்சல். என்ட பொஞ்சாதிய மாசமா இருக்கக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பொறகு நான் இப்பிடி வேன் ஓட்டல்ல.”

இரண்டு நாள் கழித்துத் தம்பியை இறக்கிவிட்டு மறுபடியும் வந்தான்.

“இவன் கதையே இல்ல. ஆனா பைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தான்.”

பைகளுக்குள் என்ன என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பெரியண்ணன் கொண்டுவந்தது ஸ்கொட்ச், பன்னிரண்டு வயது, தீவொன்றில் காய்ச்சியது. தம்பி கொண்டுவந்தது பேர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி, கட்டைக் கழுத்துப் போத்தல், மூடியில் மெழுகு. இரண்டும் விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கியவை அல்ல. அங்கே ஊரில், யோசித்து, தேடி, சட்டைத் துணிகளுக்குள் சுற்றி, உடுப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே இறங்கியதும் பைக்கு மாற்றியவை. இரண்டும் ஒரே ஆளுக்கு: சம்பந்திக்கு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி, பலகாரம் முடிந்ததும் ஆம்பிளைகள் கொஞ்சப் பேர் கடற்கரைப் பக்கம் போய் இருப்பார்கள். அங்கே யாருடைய போத்தல் திறபடுகிறதோ அவர்தான் பெண் வீட்டுக்குப் பெரிய ஆள். இதை யாரும் வாயால் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு போத்தல்களும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அன்றைக்கு மத்தியானம் மேசையில் மீன் ஆணமும் சோறும் இருந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

“சோளன்,” என்றார் பெரியண்ணன். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு. கிளாஸ்கோவில் இத்தனை வருசம் இருந்தும் குறையவில்லை. “சோளனைப் புளிக்க வச்சு, காய்ச்சி, கரிச்ச பீப்பாவில ஊத்தி, சீனிப்பாணி மாதிரி ஆக்கினா அதுக்குப் பேர் விஸ்கியாடா? இத என்னெண்டு சம்பந்திக்கு முன்னால வைக்கிற? அந்த மனிசன் அப்பத்துக்கு ஊத்தச் சொல்லிக் கேப்பாரு.”

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “அவரிட்டச் சொல்லு,” என்றான் என்னைப் பார்த்து, “அவர்ட சாமானை மோந்தா ஆஸ்பத்திரி வாட்டில நிக்கிற மாதிரி இரிக்கி. சம்பந்திக்குக் காயம் ஏதும் இருந்தாத் துடைக்கலாம்.”

“அது புகைடா! பார்லி முளைய அந்த ஊர்ச் சேத்துக் கட்டிய எரிச்சுக் காயவைக்கிற. அந்தப் புகை. அதுக்குத்தான் காசு.”

“அப்ப நம்மட ஊர்ல குப்பைக்கு நெருப்பு வைக்கிறவனெல்லாம் கோடீஸ்வரனாயிருக்கணும்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. தங்கச்சி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

தம்பி தட்டை விலத்தி வைத்தான். முதன்முதலாக நேரே அண்ணனைப் பார்த்துக் கதைத்தான்.

“பேர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பா வேணும். சட்டம் அப்பிடி. ஒருக்காப் பாவிச்சதுக்குள்ள நாங்க திருப்பிப் பேர்பன் ஊத்த மாட்டம். அந்தப் பழைய பீப்பாவெல்லாத்தையும் ஆர் வாங்கிட்டுப் போற தெரியுமா? ஸ்கொட்லாந்துக்காரன். அண்ணா, நாங்க கழிச்சுவிட்ட பீப்பாவுக்குள்ளதான் உங்கட சாமான் பன்னிரண்டு வருசமாக் குந்திட்டு இரிக்கி.”

மேசையில் இருந்த மற்றவர்களுக்கு அது பீப்பாவைப் பற்றிய கதை. எங்கள் நாலு பேருக்கும் அது சேட்டைப் பற்றிய கதை. சின்ன வயதில் பெரியண்ணனுக்குப் புதுச் சேட்டு எடுப்பார்கள். அது சிறிதானால் எனக்கு வரும். என்னைக் கடந்து, கொலர் கிழிந்து, கிழிந்த இடத்தைத் திருப்பித் தைத்து, கடைசியில் தம்பிக்குப் போகும். தம்பி தன் முதல் புதுச் சேட்டை வேலைக்குப் போன பிறகுதான் போட்டான். இதை அவன் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கென்டக்கிப் பீப்பா ஒன்று அன்றைக்கு அவனுக்காக அதைச் சொல்லிவிட்டது.

பெரியண்ணனின் காது சிவந்தது. குசினிக்குள் ஒரு சட்டி மூடி நிலத்தில் விழுந்து சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டது. தங்கச்சி கதவடியில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எதையாவது செய் என்று அர்த்தம்.

வாயில் வந்ததைச் சொன்னேன். “ரெண்டையும் பேர் தெரியாத போத்தல்ல ஊத்துவம். கரைவலைக்காரர் குடிச்சுச் சொல்லட்டும். அவங்களுக்கு ஸ்கொட்லாந்தும் தெரியா, அமெரிக்காவும் தெரியா. எது நல்லமெண்டு சொல்றாங்களோ அதுதான் சம்பந்திக்கு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஓம்” என்றார்கள். அவ்வளவு நிச்சயம் அவரவருக்கு.

அடுத்த நாள் காலையில் என் வீட்டில் அந்த வேலையைச் செய்தேன். சோடா வாங்கிய பெரிய வெற்றுப் போத்தல்கள் இரண்டு, கடதாசியை ஊறவைத்து உரித்தவை. ஒன்றின் கழுத்தில் வலை நூல் கட்டினேன், அது ஸ்கொட்ச். கட்டாதது பேர்பன். ஆளுக்கு ஒரு வாய் போக மிச்சத்தைத் திருப்பிப் பழைய போத்தலில் ஊற்றலாம் என்று இரண்டையும் முழுதாகவே ஊற்றிவிட்டேன். என் மனைவி கடந்து போகும்போது “என்ட குசினில பெற்றோல் செட் போட்டிருக்கிறீங்க போல” என்று மட்டும் சொன்னாள். ஊற்றுகிறவன் கொஞ்சம் ருசி பார்ப்பது உலக வழமை. இரண்டிலும் ஒவ்வொரு மூடி எடுத்தேன்.

முதலில் ஸ்கொட்ச். மூக்குக்கு அருகில் கொண்டுபோனதும் அறுவடை முடிந்த வயல் வந்தது. வைக்கோலுக்கு நெருப்பு வைத்து, அதன் மேல் தூறல் விழுந்து, அணைந்தும் அணையாமலும் கிடக்கிற பொழுதில் நிந்தவூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் யன்னலுக்குள்ளால் ஒரு வாசம் வருமே, அது. பின்னால் உப்பு. உப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது; மூடியைக் கழுவப் போய்விட்டேன். தண்ணீர்ப் பைப்படியில் நிற்கும்போது தொண்டையின் அடியிலிருந்து ஒரு தேன் மெல்ல எழும்பி வந்தது. கூப்பிட்டும் வராமல், மறந்த பிறகு வந்து கதவைத் தட்டுகிற சொந்தக்காரன் மாதிரி.

பேர்பன் அப்படியில்லை. வாயில் வைக்க முன்னமே உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டது. மூக்கில் வெனிலா, நாக்கில் பாணி, மேல்வாயில் கறுவா. கல்முனையில் பெருநாளுக்குத் தொதல் கிண்டுகிற கடைக்கு முன்னால் நின்றால் உடம்பு முழுக்க ஒரு இனிப்பு ஒட்டிக்கொள்ளும், அதே ஒட்டல். ஆனால் விழுங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது. கச்சான் அடிக்கிற காலத்தில் அந்தச் சூடு எனக்குக் கொஞ்சம் கூடத்தான். ஒரு ஐஸ் கட்டி போட்டுப் பார்த்தேன். சூடு சாய்ந்தது, இனிப்பு நிமிர்ந்தது.

அப்போது ஒன்று பிடிபட்டது. பெரியண்ணன் வாசலிலேயே எல்லோரையும் கட்டிப்பிடித்து, எல்லாவற்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுகிற ஆள். அவர் கொண்டுவந்தது வாய் திறக்க நேரம் எடுக்கிற சாமான். தம்பி நாலு சொல் கேட்டால் ஒரு சொல் தருகிறவன். அவன் கொண்டுவந்தது ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற சாமான். தன்னிடம் இல்லாததை இரண்டு பேரும் போத்தலில் அடைத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நினைக்க எனக்கு இரண்டு பேர்மேலும் ஆசையாக இருந்தது. மூன்றாவது மூடி எடுக்காமல் எழும்பினேன்.

பின்னேரம் சிநேகிதன் வேனோடு வந்தான். போத்தல்களை ஏற்றுவது பற்றி, குடியைத் தொடாத முஸ்லிமான அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. “பின்னுக்கு, உன்ட பொறுப்பில. நான் பார்க்கயும் இல்ல, கேக்கயும் இல்ல.” சரியென்று பின்னால் வைத்தேன். பார்க்காத கேட்காத மனிதன் வழி முழுக்க அதைப் பற்றியே கேட்டான். அவன் யாவாரி வீட்டுப் பிள்ளை.

“ரெண்டும் ஒரே விலையா மச்சான்?”

“கிட்டத்தட்ட. ஆனா அதே காசுக்குப் பேர்பன்ல மேல்தரம் வாங்கலாம். ஸ்கொட்ச் அந்த விலைக்கு நடுத்தரம்தான். அதில வயசுக்குக் காசு. எத்தின வருசம் பீப்பாவுக்குள்ள கிடந்ததோ அவ்வளவுக்கு விலை ஏறும்.”

“பேர்பனுக்கு வயசில்லையா?”

“அந்த ஊர்ல வெயில் கூட. கெதியா ஊறிரும்.”

அவன் பெரியநீலாவணைச் சந்தியில் ஒரு மாட்டுக்கு வழிவிட்டு யோசித்தான். “அப்ப உன்ட அண்ணன் கட்டுறது வீட்டு வாடகை. பீப்பாக்குள்ள இருந்ததுக்கு வாடகை. தம்பி கட்டுறது புது வீட்டுக்கு. நான் எண்டாத் தம்பிட பக்கம். வாடகைக் காசு திரும்பி வராது.”

“நீ குடிக்கவே மாட்டாய், உனக்கென்ன பக்கம்?”

“யாவாரத்துக்குப் பக்கம் இருக்கலாம். நாக்குக்குத்தான் இல்ல. உனக்கு எது புடிச்சிருக்கு? உள்ளதச் சொல்லு.”

உள்ளதைச் சொன்னேன். காசைக் கொடுத்து வாங்குவதென்றால் பேர்பன். கொடுத்த ஒவ்வொரு சதத்தையும் அது முன்னாலேயே திருப்பிக் கையில் வைத்துவிடுகிறது. ஆனால் மாரியில், மழை ஓட்டில் விடாமல் விழுகிற நாளில், யாராவது சும்மா தந்தால், ஸ்கொட்ச். மழையும் அதுவும் ஒரே மாதிரி நேரம் எடுக்கும்.

“சும்மா தந்தா எண்டு சொல்றாய் பாரு,” என்றான், “அதிலயே தீர்ப்பு வந்திட்டு.”

கடற்கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் கொட்டில், வைத்திருப்பவன் என்னோடு பள்ளியில் படித்தவன். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கிற கரைவலைக்கு அவன்தான் தலையாள். அன்றைக்கு வலை இழுத்து, மீனை விற்று, பங்கு பிரித்து முடித்துவிட்டு அவனும் நாலைந்து பேரும் வாடி நிழலில் இருந்தார்கள். வெயில் மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. கடல் நெளிவில்லாமல், இஸ்திரி போட்ட சாரம் மாதிரி. பெரியண்ணன் கரையோரம் வடக்கே பார்த்து நின்றார், தம்பி தெற்கே பார்த்து. நடுவில் இழுத்துப்போட்ட ஒரு வள்ளம்.

இரண்டு போத்தல்களையும் தலையாளின் கையில் கொடுத்தேன். “பெரியண்ணன்டயும் தம்பிடயும். எது நல்லம் எண்டு நீங்கதான் சொல்லணும். இரு, கொறிக்க பைட் எடுத்திட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனேன். கணவாய்ப் பொரியல் ஒரு பெரிய பெட்டி, ஐஸ் வாளி, சிநேகிதனுக்கு ஜிஞ்சர்பியர். மணலில் கால் புதையப் புதைய இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

தலையாள் குந்தியிருந்து அலுமினியச் சட்டி ஒன்றைச் சிரட்டை அகப்பையால் கலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் இரண்டு போத்தல்களும் வெறுமையாக, தலைகீழாக, மணலில் குத்தி நின்றன.

“என்னடா செஞ்ச?”

“என்ன செஞ்ச எண்டா?” அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “கரையில தனிப் போத்தல் ஏதுடா? ஆர் கொண்டந்தாலும் சட்டிக்குள்ளதானே.”

என் தலையில் இடி. எனக்குத் தெரியாத விசயமா? கரைவலைக்காரர் பிடித்த மீனை முதலில் ஒரே குவியலாகக் கொட்டித்தான் பங்கு பிரிப்பார்கள். குடிக்க இருந்தாலும் அதே முறை. ஒருவன் நல்ல சாராயம் கொண்டுவருவான், ஒருவன் மட்டமானது, ஒருவன் பாதிப் போத்தல். எல்லாம் ஒரே சட்டி, ஆளுக்கொரு சிரட்டை, ஒரே அளவு. நான் கொண்டுவந்தேன், நீ கொண்டுவந்தாய் என்ற கதை அந்த வாடிக்குள் வராது. இரண்டு போத்தலை நீட்டி எது நல்லது என்று கேட்டால், அது சும்மா பேச்சுக்குக் கேட்டது என்றுதான் அவன் எடுத்திருக்கிறான். பேரை மறைக்க வேண்டும், கடதாசியை உரிக்க வேண்டும், நூல் கட்ட வேண்டும் என்றெல்லாம் யோசித்த என் புத்தி இதை மட்டும் யோசிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். சட்டியைப் பார்த்தார்கள். தலைகீழ்ப் போத்தல்களைப் பார்த்தார்கள்.  தம்பி கைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். அவன் தோள் வீதிப் பக்கமாகத் திரும்புவதை நான் கண்டேன். சாமத்தியச் சடங்கில் திரும்பிய அதே தோள். தங்கச்சியின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. இனி அவன் நேரே அறைக்குப் போவான், பெட்டியை அடுக்குவான், காலையில் பிள்ளைக்கு ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும்.

“தம்பி, எங்க போறாய்?” என்றான் தலையாள். சிரட்டை நிறைய அள்ளி முதலில் பெரியண்ணனிடம் நீட்டினான். மற்றச் சிரட்டையைத் தம்பியிடம். “கரைப் பங்கை வேணாமெண்டு போனா வலைக்குக் கூடாது மனே. நாளைக்கு மீன் படாட்டி நீ தருவியா?”

வலையின் பேரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நகர மாட்டார்கள். கென்டக்கிக் கணக்காளனும் நகரவில்லை. இரண்டு பேரும் சிரட்டையை வாங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குடித்தார்கள். சிநேகிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவாயை மெல்லாமல் வாயில் வைத்திருந்தான்.

பெரியண்ணன் உதட்டைத் துடைத்தார். “என்ட புகை நல்லா வருது.”

“முன்னுக்கு வாறது என்ட இனிப்பு,” என்றான் தம்பி.

“இனிப்பு இல்லாட்டியும் புகை நிக்கும்.”

“புகை மட்டும் எண்டா நீங்களே துப்பியிருப்பீங்க.”

“டேய், இன்னொரு சிரட்டை தா இவனுக்கு. வடிவாக் குடிச்சிட்டுச் சொல்லட்டும்.”

“எனக்குத் தந்தா அவருக்கும் தா. வடிவாக் குடிச்சிட்டு ஒத்துக்கொள்ளட்டும்.”

அவனிட்டச் சொல்லு, அவரிட்டச் சொல்லு என்று என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். எட்டாத தூரத்தில் ஒரு மீன் துள்ளினால் மூச்சுவிடப் பயப்படுவோமே, அப்படி அசையாமல் இருந்தேன்.

தலையாளும் குடித்தான். சப்புக்கொட்டினான். “நல்லாத்தானே இரிக்கி. கொஞ்சம் கருவாட்டு வாசம், கொஞ்சம் தொதல் வாசம். பெரியநீலாவணைல தொடங்கி கல்முனைல முடியுது.”

சிநேகிதன் வெடித்துச் சிரித்தான். “சரியா ஒரு பஸ் ரிக்கற்றுக்கு உள்ள தூரம்.” ஒருவன் நீட்டிய சிரட்டையை அவன் கையால் மறித்தான். “வேணாம் ராசா. மோந்து பாரு எண்டும் சொல்லாத. என்ட மூக்கும் நோன்புதான்.” அதோடு அடுத்த கணவாயை எடுத்தான், அந்தப் பெட்டியில் பாதி அவனுடைய நோன்பில்தான் முடிந்தது.

மூன்றாவது சிரட்டையில் பெரியண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். “அது சரி. இந்த வேலைய ஆர் செஞ்ச?”

தலையாள் என்னைக் காட்டினான். நல்ல மனதோடு, ஒளிவு மறைவில்லாமல், சிரட்டையாலேயே காட்டினான்.

“இவன்தான் ரெண்டையும் என்ட கையில தந்தவன்.”

“நினைச்சன்,” என்றார் பெரியண்ணன். “நல்ல சாமான் ரெண்டையும் வெறும் சோடாப் போத்தல்ல ஊத்திக் கொண்டந்திருக்கான் விசரன்.”

“சின்னனிலயும் இப்பிடித்தான்,” என்றான் தம்பி. அன்றைக்கு அவன் பேசிய ஆக நீளமான பேச்சு அதன்பிறகு வந்தது. “ஞாபகம் இருக்கா அண்ணா? கோழிக்கு மருந்து எண்டு சொல்லி அம்மாட சவுக்காரத்தைக் கரைச்சு வச்சவன் இவன்தானே. கோழி மூண்டு நாளா நுரை தள்ளிட்டுத் திரிஞ்சிச்சு.”

“ஓம்டா! அடி எனக்கு விழுந்திச்சு!”

“எனக்கும் விழுந்திச்சு!”

“இவனுக்கு மட்டும் விழயில்ல!”

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. பொழுது முழுதாகச் சாயும்வரை நான் செய்த பிழைகளை இரண்டு பேரும் மாறி மாறி எடுத்துப் போட்டார்கள். பல நான் செய்தவை, சில செய்யாதவை, இரண்டு மூன்று அவர்களே செய்து என் தலையில் அந்தக் காலத்திலேயே கட்டியவை. நான் ஒன்றுக்கும் மறுத்துக் கதைக்கவில்லை. ஒன்று சொல்லி முடியும்போது மற்றவர் “இன்னொண்டு இருக்கு” என்று தொடங்குவார். அவர்கள் வள்ளத்தின் ஒரே பக்கத்தில் சாய்ந்து இருந்தார்கள். வேனில் திரும்பும்போது பின் சீற்றில் சேர்ந்து இருந்தார்கள். என்னை முன்னால் போகச் சொன்னார்கள். பின்னாலிருந்து திட்ட வசதி.

அடுத்த நாள் சம்பந்தி வந்தார். நல்ல மனிதர், மெலிந்த தோற்றம், வெள்ளைச் சேட்டு. கடற்கரைக்குப் போவோமா என்று பெரியண்ணன் மெல்லக் கேட்டார். கல்முனையில் அவசரமாக வாங்கிய உள்ளூர்ச் சாராயம் ஒன்று வேனுக்குப் பின்னால் கிடந்தது.

“எனக்குச் சீனியும் பிரஷரும் ஒண்டா வந்த பொறகு இதெல்லாம் விட்டுட்டன் தம்பி,” என்றார் சம்பந்தி. “புள்ளையிட்டச் சொல்லி ஒரு பிளேன்டீ தாங்க. சீனி போடாம.”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமாக என்னைப் பார்த்தார்கள், இதுவும் என் பிழை என்ற மாதிரி.

கல்யாணத்தன்று விடியவே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. நான் தட்டை ஏந்திக்கொண்டு கதவடியில் நின்றேன்: தேங்காய், வெற்றிலை, பூ, நடுவில் ஒரு சின்ன விளக்கு. அதை அணையாமல் கொண்டுபோக வேண்டும். தங்கச்சி மணவறைப் பக்கம், சனத்துக்கு நடுவில் நின்றாள். அவள் கண் கதவை விட்டு அசையவில்லை. அவள் கையில் ஒரு பூமாலை. அதன் நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், காலடியில் இதழ்கள் சேர்ந்துவிட்டன.

கதவு திறந்தது. பிள்ளை தலை குனிந்து வந்தாள். வலப்பக்கம் பெரியண்ணன், பட்டுச் சால்வை. இடப்பக்கம் தம்பி, அதே பட்டு, அதே கரை. நான் முன்னால் அடி எடுத்து வைத்தேன். பின்னால் மேளச் சத்தத்துக்குக் கீழாக ஒரு குசுகுசுப்பு தொடங்கியது.

“புகைதான் கடைசி வரைக்கும் நிண்டது. இண்டைக்கும் வாய்க்குள்ள இருக்கு.”

“அது நீங்க பல்லு விளக்காதது அண்ணா.”

“கிளாஸ்கோவுக்கு வாடா ஒருக்கா. ஒழுங்கா ஊத்தித் தாறன்.”

“வாறன். பேர்பன் கொண்டு வாறன்.”

“மாமா,” என்று பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. “ரெண்டு பேரும் மணவறை வரைக்குமாவது வாயை மூடிட்டு வாங்க. வீடியோ எடுக்கிறாங்க.”

அவர்கள் வாயை மூடவில்லை. முன்னால் சனத்தை விலத்திக்கொண்டு தங்கச்சி நின்றாள். அண்ணன்மார் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக, அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். மாலையைப் பிய்ப்பதை விட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிரித்தாள்.